இன்னொரு ஊருக்கும் எண்ணெய்

என் அப்பா சோணைமுத்துவின் வேனில் டீசல் முள் பாதிக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்புவார். மதுரைக்குப் போய்ச் சேருகிற அளவுக்கு மட்டும் டீசல் போடுவார். முள் சிவப்பில் கிடக்கும்போது நாங்கள் ஏதாவது சொன்னால், "வண்டி பேசுறது எனக்குக் கேக்கும், முள்ளு என்னத்தச் சொல்ல?" என்பார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் வழியில் நின்றதில்லை. அதுதான் எங்களைப் பிடித்த சனியன். ஒரு தடவை நடுரோட்டில் நின்றிருந்தால் புத்தி வந்திருக்கும்.

என் தம்பி விஜயபாண்டி விமானம் ஓட்டுகிறான். சின்ன வயதில் இந்த வேனின் முன் சீட்டில் உட்கார்ந்து வாயாலேயே கியர் போட்டவன். படித்து, பயிற்சிக்குப் போய், இப்போது கேப்டன். லீவில் வந்தால் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமியார் வீட்டில் விடுவதற்கு அப்பாவோடு அவனும் வருவான். வழி நெடுக இரண்டு பேருக்கும் ஒரே வழக்குதான்.

பஞ்சு மார்க்கெட் சிக்னலில் விடியற்காலை சிவப்பு விழுந்திருக்கும். அப்பா நிற்க மாட்டார்.

"அப்பா, செவப்பு."

"ஏலே, எவன் வாரான்? ஒரு நாய்கூட இல்ல."

"ஆளு வந்தாத்தான் செவப்பா?"

"பொஸ்தகத்தப் பாத்து ஓட்டுறவன் டிரைவரா? ரோட்டப் பாக்கணும்லே, ரோட்ட. ஒனக்கு வானத்துல கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு எவனும் எதுக்க வரமாட்டான். அதான் ரூலு பேசுத."

தம்பி கோபப்பட மாட்டான். அவன் பேச்சு எப்போதும் நிதானம்தான். எங்கள் வீட்டில் யாரிடமிருந்து வந்ததோ தெரியவில்லை. "கண்ணு பொய் சொல்லும்ப்பா" என்பான். "மேகத்துக்குள்ள போயிட்டா நேராப் போற மாதிரியே தோணும். வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கும். அப்ப நம்ம மனசு சொல்றதக் கேட்டா அம்புட்டுப் பேரும் காலி."

"அப்ப நீ எதுக்கு? மிசினே ஓட்டிட்டுப் போகட்டுமே."

"முடிவெடுக்க எனக்கும் எடம் இருக்குப்பா. எறங்க வேண்டாம்னு நான் எப்ப வேணும்னாலும் முடிவெடுக்கலாம், ஒரு பய கேக்க முடியாது. எறங்கியே தீருவேன்னு எடுக்கத்தான் முடியாது."

அப்பாவுக்கு அது விளங்கவே இல்லை. உரிமை என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்பார். இன்னொரு நாள் டீசல் முள்ளைப் பார்த்துவிட்டுத் தம்பி சொன்னான், "எங்களுக்குப் போற ஊருக்கு மட்டும் எண்ணெய் போட்டுக் கெளம்ப முடியாதுப்பா. அங்க எறங்க முடியலன்னா இன்னொரு ஊருக்குப் போகவும் இருக்கணும். அங்க போயிச் செத்த நேரம் சுத்தவும் இருக்கணும்."

"இன்னொரு ஊருக்கு நீ எதுக்குலே போற? டிக்கெட்டு வாங்குனவன் மதுரைன்னுதான வாங்குனான்?" என்று அப்பா ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவும் சிரித்தாள். அம்மாவுக்கு அப்போது உடம்பு நன்றாக இருந்தது.

அம்மா பெயர் மாரிக்கனி. புற்றுநோய் வயிற்றில் ஆரம்பித்து நெஞ்சுக்கு ஏறிவிட்டது. கார்த்திகை மாதம் மதுரை ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கட்டிலின் தலைமாட்டில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெரிய ஆக்சிஜன் சிலிண்டரை இரும்புச் சட்டத்தில் நிறுத்தினோம். எங்காவது தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தால் என்று குழந்தை அளவில் ஒரு சின்ன சிலிண்டரும் வாங்கி வைத்தோம். பக்கத்துத் தெரு நர்ஸ் பானுப்பிரியா காலையும் மாலையும் வந்து பார்த்துவிட்டுப் போவாள். நான் மாமியார் வீட்டிலிருந்து வந்து அம்மாவோடு தங்கிவிட்டேன்.

அம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "எங்கண்ணன் ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போகட்டும்."

அம்மாவின் அண்ணன் உக்கிரபாண்டி மாமா, சென்னையில் போக்குவரத்துப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் மம்சாபுரம். ஹெல்மெட் இல்லாதவனைக் கண்டால் அவர் விசிலுக்கே தனிச் சத்தம் வந்துவிடும் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள். என்னை அவருடைய மகனுக்குக் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். அம்மா என் பக்கம் நின்றாள். முறை இருந்தும் பெண்ணைத் தரவில்லை என்று மாமா எங்கள் வாசலை மிதிப்பதை நிறுத்தினார். என் கல்யாணத்துக்கு வரவில்லை. அம்மா போன் போட்டால் எடுக்கவில்லை. என் கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போயிற்று. அதற்காக அம்மா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

தம்பிதான் சென்னையில் மாமா வீட்டு வாசலில் போய் நின்றான். மாமா முதலில் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை திறந்தார். மூன்றாம் தடவை போனபோது, பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம். தம்பி கம்பெனியில் கேட்டுத் தன்னுடைய டூட்டியை மாற்றி வாங்கி, தான் ஓட்டுகிற காலை விமானத்திலேயே மாமாவுக்கு டிக்கெட் போட்டான். அம்மாவிடம் போனில், "ஒங்க அண்ணன நானே கூட்டிட்டு வாரேம்மா" என்றான். அன்றைக்கு அம்மா தலை சீவி விடச் சொன்னாள். சீவுவதற்கு முடி ஏது? சும்மா சீப்பை வைத்துத் தடவிவிட்டேன்.

மாமா வர வேண்டிய நாள் மார்கழிப் பனி ஊரையே மூடியிருந்தது. கோயில் ஒலிபெருக்கியில் பாசுரம் மட்டும் கேட்டது. எதிர் வீடு தெரியவில்லை. விடியும் முன்பே அம்மாவுக்கு மூச்சு மாறிவிட்டது. நர்ஸை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அவள் நாடியைப் பார்த்துவிட்டு அப்பாவை வெளியே அழைத்தாள்.

"அண்ணாச்சி, இனிமே எங்கயும் அசைக்காதிய. பெரிய சிலிண்டர் நேத்துத்தான் மாத்துனது, நாளை வரைக்கும் வரும். அலுங்காமக் கெடந்தாகன்னா அவுக அண்ணன் வார வரைக்கும் தாங்குவாக."

மாமா அப்பாவுக்குப் போன் செய்தார், விமானத்தில் ஏறிவிட்டதாக. மதுரையில் இறங்கி, அங்கிருந்து இராஜபாளையம் வர இரண்டு மணி நேரம். அப்பா வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தார். அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். அந்த நடை எனக்குத் தெரியும். மனதுக்குள் ரோடு போட்டுப் பார்க்கிறார்.

"ஏட்டி யோகேஸ்வரி, நாம எதுக்கப் போயிருவோம். அவரு அங்கருந்து வரட்டும், நாம இங்கருந்து போவோம். ஒரு மணி நேரம் மிச்சம்."

"அசைக்கக் கூடாதுன்னு இப்பத்தானப்பா சொல்லிட்டுப் போறா."

"அவ பொஸ்தகத்துல அப்பிடித்தான் எழுதியிருக்கும். ஒங்கம்மா மூச்சு என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாதா?"

அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா குனிந்து கேட்டார், "என்ன புள்ள, அண்ணனுக்கு எதுக்கப் போவமா?" அம்மா தலையை ஆட்டினாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அதற்குமேல் நான் என்ன பேச?

வேனின் பின்பக்கம் மெத்தையை விரித்தோம். அப்பா அம்மாவை ஒற்றை ஆளாகத் தூக்கினார். சின்ன சிலிண்டரை மாட்டினேன். "பெரிசையும் தூக்கிப் போட்டுக்கிருவமாப்பா?" என்று கேட்டேன். அதைச் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டும், தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும்.

"போற தூரத்துக்கு இது போதும்" என்றார் அப்பா.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அப்பா ஓட்டிய மாதிரி வேறு யாரும் ஓட்டியிருக்க முடியாது. பனியில் பானெட்டுக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. எந்த இடத்தில் பள்ளம், எங்கே வேகத்தடை என்று அவருடைய கால்களுக்கே தெரிந்திருந்தது. அம்மாவின் தலை ஒரு தடவைகூட ஆடவில்லை. என் மடியில் தூங்குவது போலக் கிடந்தாள்.

விமானம் எங்கே போகிறது என்று காட்டுகிற ஆப் ஒன்றைத் தம்பி என் போனில் போட்டுத் தந்திருந்தான். மஞ்சள் நிறத்தில் குட்டியாக ஒரு விமானம் ஊர்ந்துகொண்டே போகும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள் நுழையும்போது அது மதுரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அம்மாவிடம் காட்டினேன். பிறகு பார்த்தால் அது மதுரையைத் தொட்டுவிட்டு விலகிப் போய் வட்டம் போட்டது.

"அப்பா, எறங்கப் போயிட்டு மேல ஏறிட்டான்."

அப்பா தேரடிக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை. மஞ்சள் விமானம் சுற்றி வந்து மறுபடியும் மதுரைக்குப் போனது. மறுபடியும் விலகியது. நாங்கள் அங்கேயே நின்றோம். இறங்கினால் மதுரைப் பக்கம் ஓட்டலாம். இறங்காவிட்டால் எந்தப் பக்கம்? அப்பா தம்பிக்குப் போன் போட்டார், மாமாவுக்குப் போட்டார். ஆகாயத்தில் இருக்கிறவர்கள் எப்படி எடுப்பார்கள்?

கடைசியில் அந்தக் குட்டி விமானம் மதுரையை விட்டுவிட்டுத் தென்மேற்கே திரும்பியது. எங்கள் பக்கமாக வந்தது.

"திருவனந்தபுரத்துக்குப் போறான் போலப்பா."

அப்பா கீழே இறங்கி டயரை உதைத்தார். "பனிக்குப் பயந்துட்டான். நான் இந்தப் பனியில வரல? எனக்குப் பொறந்தவனா அவன்?"

திருவனந்தபுரத்தில் இறங்கினால் மாமா செங்கோட்டை வழியாகத்தான் வருவார். அந்த ரோடு இராஜபாளையத்துக்குள்தான் வருகிறது. எங்கள் வீட்டைத் தாண்டி, எங்களுக்கு முதுகுப் பக்கமாக. நாங்கள் அண்ணனுக்கு எதிரே போகிறோம் என்று அம்மாவை அண்ணனிடமிருந்து தள்ளிக் கொண்டுவந்து வைத்திருந்தோம்.

அப்போது மேலே சத்தம் கேட்டது. பனிக்கு மேலே, எங்கள் தலைக்கு நேராக. அம்மா கண்ணைத் திறந்தாள்.

"எங்கண்ணன் வாறாரு" என்றாள். தெளிவாகச் சொன்னாள். "எம்புள்ள ஓட்டிட்டு வாறான்."

"ஆமாம்மா" என்றேன். சத்தம் மலைப் பக்கம் போய்த் தேய்ந்தது.

அதற்குப் பிறகுதான் சிலிண்டரைப் பார்த்தேன். முள் சிவப்பில் கிடந்தது. இந்த முள்ளை அப்பா நம்பினார். ஓடிவந்து ஏறினார், வண்டியைத் திருப்பினார். "வீட்டுக்கு வேண்டாம்ப்பா, இங்கயே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் அம்மாவின் விரல்கள் என் கையை விட்டன. டாக்டர் வேனுக்குள்ளேயே ஏறிப் பார்த்து, அம்மாவின் கண்களை மூடிவிட்டு இறங்கினார்.

வீட்டுக்குத் திரும்பினோம். கட்டிலின் தலைமாட்டில் பெரிய சிலிண்டர் நிறைந்து நின்றுகொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். யாரையும் கூப்பிடாமல் தானே உருட்டி, பின்வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு வீட்டுப் பக்கவாட்டில் நின்ற வேனுக்குப் போய்ச் சின்ன சிலிண்டரைச் சீட்டுக்கு அடியில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினார். நான் அம்மாவின் கால் விரல்களைக் கட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மாமா மத்தியானம் வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே சட்டையைக் கிழித்துக்கொண்டார். அம்மாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "கண்ணத் தெறந்து பாருத்தா, ஒங்கண்ணன் வந்திருக்கேன்" என்று அவர் அழுத அழுகையில் தெருவே அழுதது. பிறகு அழுகை கோபமாகத் திரும்பியது.

"நான் சன்னல் வழியாப் பாத்தேன்யா. ரன்வே பளிச்சுன்னு தெரிஞ்சுது. காரு நிக்கிறது தெரிஞ்சுது. எறக்காம ஓடிட்டான். எறக்கியிருந்தான்னா வழியில கிருஷ்ணன்கோவில்லயே வச்சு எந் தங்கச்சி என்னயப் பாத்திருப்பா!"

எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா வேனில் போய்க்கொண்டிருக்கும்போது இறந்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் அசைத்தீர்கள் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. கட்டியவன் பெண்டாட்டியைக் காப்பாற்றத் தூக்கிக்கொண்டு ஓடினான், பெற்ற மகன் பயந்து போனான். கதை அவ்வளவு லட்சணமாக அமைந்துவிட்டது. அப்பா ஜன்னலோரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பனி விலகியதும் தம்பி பயணிகளைத் திரும்பவும் மதுரைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு வந்தான். அம்மாவின் காலில் முகத்தை வைத்துக் கிடந்தான். மாமா அவனைத் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"எனக்குத் தெரிஞ்ச ரன்வே ஒனக்கு எப்பிடிலே தெரியாமப் போச்சு?"

"நேராக் கீழ பாத்தாத் தெரியும் மாமா. பனி மெல்லிசாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு முன்னால தெரியணும். சாய்வாப் பாக்கும்போது அம்புட்டுப் பனியும் குறுக்க வரும். தரைக்கு மேல இருநூறு அடி வரைக்கும் எறங்கி வந்தேன், ரெண்டு தடவ வந்தேன்..."

"பொஸ்தகத்தப் படிக்காத. பெத்தவளுக்காக ஒரு தடவ மீறினா தலையா போயிரும்?"

"பின்னால நூத்தம்பது பேரு இருந்தாங்க மாமா. அதுல நீங்களும் ஒரு ஆளு."

அந்த நேரத்தில் யாரோ அம்மாவின் சிவப்புப் போர்வையைக் கேட்டார்கள். அது வேனில் கிடந்தது. நான் எழுவதற்குள் தம்பி போய்விட்டான். நான் ஜன்னலுக்கு ஓடினேன். அவன் மெத்தையைத் தூக்கினான். சாக்கு நகர்ந்தது. குனிந்து சிலிண்டரின் முள்ளைத் துடைத்துப் பார்த்தான். நிமிர்ந்து, பின்வாசலில் நின்ற பெரிய சிலிண்டரைப் பார்த்தான். அவனுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டுமா? சாக்கைப் பழையபடி மூடிவிட்டுப் போர்வையோடு வந்தான்.

மாமா விடவில்லை. "ஊரு முன்னால சொல்லு. எறக்கியிருக்கலாமா, கூடாதா?"

தம்பி அப்பாவின் முதுகைப் பார்த்தான்.

"எறக்கியிருக்கலாம் மாமா" என்றான். "நாந்தான் பயந்துட்டேன்."

உண்மையைச் சொல்லிவிடத்தான் நான் எழுந்தேன். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"அப்பிடின்னா எந் தங்கச்சிக்கு இவன் கொள்ளி வைக்கக் கூடாது" என்றார் மாமா. "வச்சான்னா நான் கொண்டாந்த கோடி விழாது. பொறந்த வீட்டுச் சீல இல்லாம அவ போகட்டும்." தெருப் பெரியவர்கள் சமாதானம் பேசினார்கள். தம்பியே குறுக்கிட்டு, "அப்பாவே வைக்கட்டும், அம்மாவுக்கு மாமா சீல விழுகட்டும்" என்றான். மாமா கொண்டுவந்த பச்சைப் பட்டில் அம்மா போனாள். சுடுகாட்டில் தம்பி நெருப்புப் பக்கமே வரவில்லை, கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றான் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

அன்று சாயங்காலம் பின்வாசலில் அவனைப் பிடித்தேன்.

"ஏலே, நீ பொய்தான சொன்ன?"

"ஆமாக்கா."

"எறக்க முடியாதுல்ல?"

"முடியாதுக்கா. வெள்ளையத் தவிர ஒண்ணுமே தெரியல."

"பொறவு என்ன எழவுக்குலே அப்பிடிச் சொன்ன? பெத்தவளுக்குக் கொள்ளி வைக்காம நின்னியே, பாவி!"

"எம் மேல கோவம்னா மாமா பேசாம இருப்பாரு, அம்புட்டுத்தான். சிலிண்டரு விசயம் வெளிய தெரிஞ்சா அப்பா உசுரோட இருக்க மாட்டாருக்கா. அம்மாவும் போயி, அவரும் போயிட்டா நாம எங்க போயி நிக்க?" சொல்லி முடிக்கும் முன் அவன் வாய் கோணிவிட்டது. பெரிய சிலிண்டரில் நெற்றியை முட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளையில் அழுத மாதிரி அழுதான். அவனை அணைத்துக்கொண்டேன். அவனை நினைத்தும் அழுதேன், அந்த மனுஷன் மேலே ஆத்திரத்திலும் அழுதேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமா வந்து, தம்பி இருந்த பக்கம் திரும்பாமலே சாப்பிட்டுவிட்டு மம்சாபுரம் வீட்டுக்குப் போனார். அத்தனை நாளும் அப்பா யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. தம்பியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தம்பி தட்டில் சோறு போட்டால் தின்றார். எழுந்து போனார்.

மறுநாள் தம்பி வேலைக்குத் திரும்ப வேண்டும். காலையில் அப்பாவே வேனை எடுத்தார். என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிட்டு அவனை மதுரை விமான நிலையத்தில் விடுவதாக ஏற்பாடு. பஞ்சு மார்க்கெட்டில் சிவப்பு விழுந்திருந்தது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. அப்பா நின்றார். நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதுதான் டீசல் முள்ளையும் கவனித்தேன். மேலே, கடைசிக் கோட்டில் நின்றது.

ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மதுரை ரோட்டை விட்டுவிட்டு இடது பக்கம் மம்சாபுரத்துக்குத் திருப்பினார்.

"ப்ளைட்டுக்கு நேரமாயிரும்ப்பா" என்றான் தம்பி. அவனுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம்ப்பா. நேராப் போங்க."

"டீசல் கெடக்குலே" என்றார் அப்பா. "போயிட்டுப் போவோம்."

மாமா முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா சீட்டுக்கு அடியில் கையை விட்டுச் சின்ன சிலிண்டரை எடுத்தார். தோளில் வைத்துக் கொண்டுபோய் மாமாவின் காலடியில் நிறுத்தினார்.

"மச்சான், அன்னைக்கு இதத்தான் கொண்டுட்டுப் போனேன். பெரிசு வீட்டுல நெறஞ்சு நின்னுச்சு. ஒங்க மருமக எடுத்துக்கிருவமான்னு கேட்டா. போற தூரத்துக்கு இது போதும்னுட்டேன். அசைக்கவே கூடாதுன்னு நர்ஸு சொன்னதையும் கேக்கல. வீட்டுல கெடந்திருந்தா நீங்க வாரப்ப உசுரோட இருந்திருப்பா." அப்பா தம்பி பக்கம் கையைக் காட்டினார். "பயலுக்குப் பயமெல்லாம் இல்ல. அன்னைக்கு வேன்ல இத அவன் பாத்தான். அதான் அப்பிடிச் சொன்னான். அவன் பாத்தத நான் சன்னல் வழியாப் பாத்தேன். பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன். எம் பொண்டாட்டிக்கு அவன் கொள்ளி வைக்க விடாம நான் வச்சேன்."

நான் மாமாவின் கையைத்தான் பார்த்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன். மாமா வாயைக் கொப்பளித்தார். நிதானமாகத் துண்டால் துடைத்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வச்சு உசுரு போச்சுத்தா?" என்று என்னைக் கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாமா. தேரடிப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தோம். ப்ளைட்டு தலைக்கு மேல போச்சு. போயிச் செத்த நேரத்துல..."

"சத்தத்தக் கேட்டாளா?"

"கேட்டா மாமா. எங்கண்ணன் வாறாருன்னு சொன்னா. எம்புள்ள ஓட்டிட்டு வாறான்னு சொன்னா."

மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தம்பி போய் அவர் பக்கத்தில் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். மாமா கையை நீட்டி அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார். அடிப்பதற்கா அணைப்பதற்கா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

"கீழ பூரா ஒரே வெள்ள" என்றார். "கோபுரம் மட்டும் மேல வந்து தெரிஞ்சுது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்னு பக்கத்து சீட்டுக்காரன்கிட்டக் காட்டுனேன். எந் தங்கச்சி வீடு இங்கனதான், இந்தா வந்துட்டேன்னு சொன்னேன். கண்ணாடியில மூக்க வச்சு, மறையுற வரைக்கும் அதையே பாத்தேன்."

அவன் தலையை உலுக்கினார்.

"நேராக் கீழ பாத்தாத் தெரியும்னியேலே மாப்ள. நான் நேராத்தான பாத்தேன். எந் தங்கச்சி தெரியலையேலே."